கழுவப்பட்டது

அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கிய முப்பத்தொரு பேரில் கை சுத்தமானவள் தான் ஒருத்திதான் என்பதில் வெட்டறை அக்காவுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. மீதி முப்பது பேரும் அவள் பார்வையில் அழுக்கு மூட்டைகள். மாடியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நடமாடும் வேதியியல்காரர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். கோட்டு வெள்ளைதான், காலரைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் லட்சணம். டீ குடித்த டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், மறுநாள் அதிலேயே ஊற்றச் சொல்லி நீட்டுவார்கள். சந்தையிலிருந்து காய் கொண்டு வருகிற ஆள் மூக்கைச் சிந்திய கையாலேயே தக்காளிப் பையை எடுத்துக் கொடுப்பான். எல்லோருக்கும் மேலே இருந்த தலைமை அதிகாரியோ பேனாவின் பின்பக்கத்தைக் கடிக்காமல் ஒரு கையெழுத்துப் போடத் தெரியாதவர். "எச்சில் பண்ணாம ஒரு பேனாவைப் பிடிக்கத் தெரியலை, இவர் எச்சத்தைக் கண்டுபிடிக்கிறாராம்" என்று அவள் வீட்டில் சொல்லாத நாள் கிடையாது.

எச்சம் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இத்தனை வம்பும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் அல்லவா, அடித்ததில் கொஞ்சம் அறுவடைக்குப் பிறகும் காயிலும் பழத்திலும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்துக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் எச்சம். திராட்சையில் இந்த மருந்து கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம், முட்டைக்கோஸில் அந்த மருந்து இத்தனை வரை இருக்கலாம் என்று பயிர்வாரியாக, மருந்துவாரியாகச் சட்டம் ஒரு வரம்பு கட்டி வைத்திருக்கிறது. வரம்பைத் தாண்டினால் விற்கக் கூடாது. தாண்டியதா இல்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்தக் கட்டடம். வாசலில் பெரிய பலகை: பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கொண்டுபோய் விட்டவர் அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. பலகையை அண்ணாந்து பார்த்து, "எச்சமா? காக்கா எச்சமா, குருவி எச்சமா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டைகட்டியவளுக்குத் தெரிந்த எச்சம் ஒன்றே ஒன்றுதான், பறவை போடுவது. அதைக் கண்டால் மனுஷ ஜென்மம் என்ன செய்யும்? கழுவும். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்துப் போனவள் வேறு.

அவளுக்குக் கொடுத்தது கீழ்த்தளத்தில் ஓர் அறை. வெட்டறை என்பார்கள். ஜன்னல் ஒன்று, தொட்டி இரண்டு, சிமெண்ட் மேடை, பலகை, நான்கு கத்தி, இரைச்சல் போடும் பெரிய அரைப்பான். வருகிற காயை அவள் நறுக்கி, மாவுபோல அரைத்து, சின்னப் பாட்டிலில் அடைத்து, எண் எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் குளிரூட்டிய அறையில் ஒரு மிஷின் குடியிருந்தது. மனிதர்களுக்கு மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத கட்டடத்தில் அந்த மிஷினுக்கு மட்டும் போர்வை போர்த்தும் அளவுக்குக் குளிர். அது பாட்டிலில் இருப்பதைக் குடித்துவிட்டு ஓர் எண்ணைத் துப்பும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மேலே எல்லோரும் தலையை ஆட்டுவார்கள்.

வெட்டறைச் சுவரில் பன்னிரண்டு வரி அட்டை ஒன்று மாட்டியிருந்தது. நான்காவது வரி: மாதிரியைக் கழுவக் கூடாது. ஏன் கூடாது என்று அதில் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவள் அந்த வரிக்குக் கட்டுப்பட்டாள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே. மண் ஒட்டிய கேரட்டை அப்படியே அரைப்பானில் போடும்போதெல்லாம் எழுதினவனை ஒரு பாட்டுப் பாடுவாள். ஆயுசில் ஒரு காயைக் கையால் தொட்டிருப்பானா அவன்? பெண்டாட்டி கழுவிச் சமைத்துப் போட்டதைத் தின்றுவிட்டு வந்து கழுவாதே என்று சட்டம் எழுதுகிறான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேனா கடிக்கிற தலைமை அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தார். வந்த வாரமே தலைமையகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகத் தகவல். மனிதர் கட்டடம் முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னார். வெட்டறைக்குள் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அதுவும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. மேடையில் கீரையும் கிழங்கும் மண்ணோடு குவிந்து கிடந்தன.

"என்னம்மா இது, மண்ணும் மட்டையுமா? இதையெல்லாம் நல்லா கழுவி வைங்க. வர்றவங்க பாத்தா அசிங்கமா இருக்கும்."

எதைக் கழுவச் சொன்னார்? மேடையையா, தரையையா, காயையா? அவருக்கே தெரியாது, சொன்னதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை. அவள் தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். அப்பாடா, இந்தக் கட்டடத்துக்கு ஒரு மனுஷனாவது வந்து சேர்ந்தானே என்றுகூட அன்றைக்கு ஒரு நிமிஷம் நினைத்தாள். அவரைப் பற்றி அவள் நல்லதாக நினைத்தது அந்த ஒரு நிமிஷம்தான். வெள்ளையடிக்கக் கழற்றிய பன்னிரண்டு வரி அட்டையைத் திரும்ப மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. அது பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அன்றிலிருந்து கழுவினாள். அவள் கழுவினால் ஏனோதானோ என்று இருக்காது. முதல் தொட்டியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், அதில் கால் மணி நேரம் ஊறல். பிறகு குழாயடியில் ஓடுகிற தண்ணீர். பிறகு இரண்டாம் தொட்டியில் இன்னொரு முழுக்கு. கடைசியில் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுப்பாள். முட்டைக்கோஸ் என்றால் இலை இலையாகப் பிரித்து. திராட்சை என்றால் ஒவ்வொரு மணியாக, பச்சைக் குழந்தைக்குக் காது துடைப்பது மாதிரி. ஒரு கிலோ மாதிரிக்கு முக்கால் மணி நேரம் செலவழிப்பாள். சாயங்காலம் மேடையைப் பார்த்தால் அவளுக்கே அவளைக் கும்பிடலாம் போலிருக்கும்.

மாடியில் எண்கள் குறையத் தொடங்கின. குறைந்ததற்குக் காரணம் என்ன என்று ஒருவன் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தார் புது அதிகாரி. தன் நிர்வாகத் திறமைதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், "எங்க பகுதி விளைச்சல் எல்லாமே வரம்புக்குள்ளே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார். அதனாலேயே அவருக்கு வரம்பு என்று பெயர் விழுந்தது. விவசாயிகளிடையே தான் ஏற்படுத்திய விழிப்புணர்ச்சி என்று மணிக்கணக்கில் பேசுவார். எந்த வயலில் கால் வைத்தார், எந்த விவசாயியிடம் பேசினார் என்று கேட்க ஆளில்லை. அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயம் வந்த கையோடு அவர் மண்டையில் இன்னொரு யோசனை உதித்தது: ஆய்வகத்தில் தேறிய தோட்டத்துப் பெட்டிகளில் எல்லாம் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். 'சோதிக்கப்பட்டது, வரம்புக்குள்.' மூன்று வருஷமாகக் கடைகளில் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்குத்தான் கிராக்கி.

இதில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வெட்டறையில் ஒரு சுத்தப் பதிவேடு உண்டு. கத்தி, பலகை, அரைப்பான் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் மூன்றையும் கழுவி, எண்ணுக்கு நேராக 'கழுவப்பட்டது' என்று எழுத வேண்டும். மற்ற அறைகளில் இந்த மாதிரி நோட்டுகளை மாசக் கடைசியில் ஒரே உட்காரலில் நிரப்புவார்கள், ஒரே பேனா, ஒரே சாய்வு. அக்கா அப்படி ஏமாற்றுகிறவள் இல்லை. அன்றன்றைக்கு எழுதுவாள். காயையும் கழுவத் தொடங்கிய பிறகு, செய்கிற வேலையை எழுதாமல் விடுவது அவளுக்கு உறுத்தியது. ஸ்கேல் வைத்து நான்காவது கட்டம் ஒன்று போட்டு, தலைப்பில் 'காய்' என்று எழுதினாள். அதன் கீழே வரிசையாகக் கழுவப்பட்டது, கழுவப்பட்டது, கழுவப்பட்டது. மாதம் முடிந்ததும் நோட்டு மாடிக்குப் போகும். வரம்பு அதில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

அக்காவுக்கு ஒரே மகள். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் குடியிருந்தாள், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மகளும் அம்மாவின் பார்வையில் தப்பிக்கவில்லை. தலையணை உறையை மாதம் ஒரு தடவை மாற்றுகிறவள், சிங்கில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு டி.வி. பார்க்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய திராட்சைப் பெட்டியைப் பிரித்து அப்படியே குழந்தை கையில் கொடுத்தாள். அக்கா பாய்ந்தாள்.

"கழுவிக் குடுடி, கழுதை."

"உங்க லேப் ஸ்டிக்கர் இருக்கேம்மா. அதை நம்பி இதைக்கூட கழுவாம குடுக்க முடியாதுன்னா, அப்புறம் உங்க லேப் எதுக்கு?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் வாயைக் கிழித்திருப்பாள். ஆனால் அந்தப் பதிலில் அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. தன் கை பட்ட வேலையை ஊரே நம்புகிறது, பெற்ற மகளும் நம்புகிறாள். பெட்டியைக் குழந்தையிடமே விட்டுவிட்டாள். குழந்தை ஸ்டிக்கரை உரித்துச் சமையலறை அலமாரிக் கதவின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியது. அங்கே ஏற்கெனவே நிறைய ஒட்டியிருந்தன.

அந்த வருஷம் திராட்சை கப்பலேறியது. போன துறைமுகத்தில் அந்த ஊர்க்காரர்கள் பெட்டியைத் திறந்து தாங்களே சோதித்தார்கள். சட்டப்படி வரம்பு கிலோவுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து மில்லிகிராம். நம் சான்றிதழில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று. அவர்கள் மிஷின் துப்பியது பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று. வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சரக்கு முழுவதும் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும்.

வரம்பு முதலில் அந்த நாட்டு மிஷினைத் திட்டினார். அடுத்துக் கப்பலைத் திட்டினார். அப்புறம் தன்னிடம் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர் ஒருத்தியைக் கூப்பிட்டு, எங்கே தப்பு என்று பார்க்கச் சொன்னார். தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் அக்கா அவளுக்கு வைத்திருந்த பெயர் கண்ணாடி. கண்ணாடி ஒரு வாரம் மிஷினைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மிஷின் சரியாகத்தான் இருந்தது. பாட்டில் சரி, ரசாயனம் சரி, எண் சரி. கடைசியில், வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, பதினெட்டுப் படி இறங்கி வெட்டறைக்கு வந்தாள்.

அக்கா அப்போது குடைமிளகாயை இரண்டாம் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? குளிப்பாட்டுறேன்."

"தினமும் கழுவுவீங்களா?"

"பின்ன மண்ணோட அரைச்சு அனுப்பவா? உங்க மிஷினுக்குள்ள மண்ணு போனா நீங்களா வந்து துடைக்கப் போறீங்க?"

கண்ணாடி தொட்டியை எட்டிப் பார்த்தாள். மேடை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். கழுவாத கையை மேடையில் வைக்கிறாளே என்று அக்காவுக்கு எரிச்சல்.

"அக்கா, எச்சம்னா என்னன்னு நினைச்சீங்க?"

"அழுக்கு."

"சரிதான். அந்த அழுக்கு எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் அக்கா இந்தக் கட்டடமே இருக்கு. நாங்க மேல எதைத் தேடுறோமோ அதை நீங்க கீழ கழுவி ஊத்திடுறீங்க."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "இத்தனை வருஷம் ஒருத்தர் இந்தப் படி இறங்கி வந்து சொன்னீங்களா? மூணு வருஷமா மேலேயே உக்காந்து நம்பரைப் பாத்துட்டு, இப்ப வந்து என்னைக் கேள்வி கேக்குறீங்க."

"தப்புதான் அக்கா. வந்திருக்கணும்."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அக்காவுக்குத் தெரியாது. கண்ணாடி பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். நான்காவது கட்டத்தில் விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் போனாள். பழைய நோட்டுகளையும் எடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். போகும்போது வாசலில் நின்று, திட்டாமல், சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"நீங்க கழுவினது ஒரு கிலோ அக்கா. சந்தைக்குப் போன லாரியை யாரு கழுவினா?"

அக்கா தொட்டியின் அடைப்பை உருவினாள். தண்ணீர் சுழன்று குழிக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷத் தண்ணீர் அந்தக் குழி வழியாகத்தான் போயிருக்கிறது. ஆய்வகம் தேடிய அத்தனையும் அதில் போயிருக்கிறது. மாடியில் உட்கார்ந்து அவர்கள் எண்ணியது அவள் வழித்துவிட்ட பாத்திரத்தை. முப்பது பேரையும் முட்டாள் என்று நினைத்தவளுக்கு முப்பத்தோராவது முட்டாளின் முகம் தண்ணீரில் தெரிந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் நேரே மகள் வீட்டுக்குப் போனாள். குழந்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. மடியில் திராட்சைப் பெட்டி, இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. ஒரு கன்னத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. சோதிக்கப்பட்டது, வரம்புக்குள்.

அக்கா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சிங்குக்குப் போனாள். உப்பைப் போட்டு, ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை கழுவினாள். குழந்தை வீறிட்டது. மகள் சிரித்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா? உங்க லேப்ல பாத்ததுதானேம்மா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். தலையணை உறைக்கும் சிங்குக்கும் இத்தனை வருஷம் தான் பாடிய பாட்டெல்லாம் குறுக்கே வந்து நின்றது. இவளிடமா, இந்தச் சோம்பேறியிடமா, தப்பு என்னுடையது என்று சொல்வது? "பழக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வரம்பு கூப்பிட்டனுப்பினார். அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீ வேறு வந்தது, கழுவிய டம்ளரில். அதிலிருந்தே விஷயம் சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேடயம் அவர் தலைக்குப் பின்னால் பளபளத்தது.

"நீங்க எவ்வளவு நல்ல வேலைக்காரின்னு எனக்குத் தெரியும்மா. இது ஒரு சின்ன விஷயம். இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து, ஒரு மெமோ, அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. உங்க பென்ஷனுக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன்."

அவள் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடந்த பிப்ரவரி பதினேழாம் தேதி வந்த திராட்சை மாதிரியை, விதிமுறையை மீறி, என் சொந்தக் கவனக்குறைவால், அன்று மட்டும் கழுவிவிட்டேன் என்று டைப் அடித்திருந்தது.

"அன்று மட்டும்னு இருக்கே சார்."

"ஆமா, அதுதாம்மா முக்கியம்."

என்ன ஒரு மூளை! இரண்டே சொல்லில் ஒன்பது வருஷத்தைக் காப்பாற்றிவிடப் பார்த்தார் மனுஷன். ஒரு நாள் ஒரு கிழவி கை தவறிக் கழுவிவிட்டாள், மற்ற நாளெல்லாம் எல்லாம் ஒழுங்கு. கேடயம் சுவரில் இருக்கும், ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கும், பெட்டி குழந்தையின் மடியில் இருக்கும். கன்னத்தில் பச்சை வட்டத்தோடு மென்றுகொண்டிருந்த வாய் அவள் கண்ணுக்குள் வந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அதை மறைப்பானேன்: கவனக்குறைவு என்று தன்னை ஒருவன் எழுத்தில் எழுதிவிட்டானே என்கிற ஆங்காரம்.

"நான் எதையும் ஒரு நாள் மட்டும் செய்யறவ இல்ல சார். செஞ்சா தினமும் செய்வேன்."

"அம்மா, புரிஞ்சுக்குங்க. தினமும்னு சொன்னா ஒன்பது வருஷ ரிப்போர்ட்டும் போச்சு. நம்ம எல்லாரோட பேரும் போச்சு."

"போகட்டும்."

"அப்படி யார் உங்களைக் கழுவச் சொன்னது?" இனிப்பு தீர்ந்து குரல் மாறிவிட்டது.

"நீங்க."

"நானா? நான் எப்பம்மா..."

அவள் எழுந்து போய், வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்த நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். மொத்தம் ஒன்பது நோட்டு. மேலே இருந்ததை விரித்து, நான்காவது கட்டத்தையும் அதன் அடியில் இருந்த பச்சை மையையும் காட்டினாள்.

"நீங்க வெள்ளையடிச்ச வாரம் வந்து சொன்னீங்க, கழுவி வைங்கன்னு. கழுவினேன். கழுவினதை எழுதினேன். மாசாமாசம் உங்களுக்கு அனுப்பினேன். பார்த்தேன்னு எழுதியிருக்கீங்களே சார். நூத்தியெட்டு தடவை பார்த்திருக்கீங்க."

வரம்பு நோட்டைப் புரட்டினார். அவர் அதை உண்மையிலேயே பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் வெளிறி, பேனாவை எடுத்துப் பின்பக்கத்தைக் கடித்தார்.

"இந்த நோட்டெல்லாம் இங்கேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும் சார். கண்ணாடி மேடம் நேத்தே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டாங்க." அவர் வாயிலிருந்த பேனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த சொந்தப் பேனாவை எடுத்தாள். 'அன்று மட்டும்' என்பதை ஸ்கேல் வைத்தது போல ஒரே கோட்டில் அடித்தாள். 'கவனக்குறைவால்' என்பதையும் அடித்தாள். மேலே 'தினமும், ஒன்பது வருடமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டீயைத் தொடவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம், பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. விசாரணை வந்தது. ஸ்டிக்கரை நிறுத்தினார்கள். கழுவாமல் அரைத்த முதல் மாதத்தில் நாற்பது மாதிரியில் பதினேழு வரம்பைத் தாண்டியது. இதற்கு என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் கூடிய கூட்டத்தில், பேசாமல் வரம்பையே கொஞ்சம் உயர்த்திவிட்டால் என்ன என்று ஒரு மேதாவி கேட்டாராம். அதிகாரி வரம்பை ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு மாற்றினார்கள். அங்கே அவர் மாணவர்களுக்கு, மாதிரிகளைக் கையாளுவது எப்படி என்று பாடம் எடுக்கிறார். அக்காவை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்து, பிறகு தண்டனையாகப் பாட்டில் கழுவும் வேலை கொடுத்தார்கள். இதைத் தண்டனை என்று எழுதிய புத்திசாலி யார் என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் அவள் மகள் வீட்டுக்கு மறுபடியும் போனாள். செருப்பைக் கழற்றியவள் உட்காரவில்லை. சமையலறை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள், நான்காவது கட்டத்தைச் சொன்னாள். தப்பு என்னுடையது என்று சொன்னாள். ஆயுசில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை, அதனால் சரியாகச் சொல்ல வரவில்லை.

மகளுக்குப் பாதியில்தான் புரிந்தது.

"நீ கழுவிக் குடுத்ததைத்தான் அவங்க சோதிச்சாங்க. அப்ப கடையில நான் வாங்கினது?"

"அதை யாரும் கழுவலை."

மகள் அலமாரிக் கதவைப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் முழுக்கப் பச்சை வட்டங்கள். குழந்தை உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற உயரம் வரைக்கும் வரிசை வரிசையாக இருந்தன, சிலது ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. அவள் குனிந்து ஒன்றை உரிக்கப் பார்த்தாள், பழசு, வரவில்லை. கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"நேத்து சாயங்காலம் வந்தியே. இவ வாயில இருக்கும்போது பெட்டியைப் பிடுங்கினியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பழக்கம்னு சொல்லிட்டுப் போயிட்ட. நான் பிரிட்ஜில இருந்த இன்னொரு பெட்டியை ராத்திரி குடுத்தேன், கழுவாம. இன்னைக்கு மத்தியானம் புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிப் பிரிச்சேன். அதையும் குடுத்தேன்."

காலையில் வரம்பின் அறையில் அத்தனை வீராப்பாகப் பேசிய அக்காவின் வாய், இப்போது எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது.

"நேத்து மட்டும்தான்டி சொல்லாம விட்டேன்" என்றாள்.